வழிகாட்டி சொல்லும் கதையும் கல் சொல்லும் சரித்திரமும்

பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறிய பிறகு சரித்திரப் புஸ்தகத்தைக் கையால் தொடுகிறவர்கள் நம் தேசத்தில் மிகச் சிலரே. ஆனால் பழைய கோயில்களையும் கோட்டைகளையும் மசூதிகளையும் சமாதிகளையும் காண வேண்டுமென்று வருஷந்தோறும் புறப்படுகிறவர்களின் தொகையோ லக்ஷக்கணக்கானது. இந்த ஜனத்திரளுக்குச் சரித்திர உபாத்தியாயராக வாய்ப்பவர் யார்? சர்வகலாசாலை ஆசிரியரல்லர், கல்வெட்டு ஆராய்ச்சியாளருமல்லர், வாயிலில் நின்று கூலி பேசி உடன் வருகின்ற வழிகாட்டியே. இரண்டு மணி நேரத்தில் அவர் சொல்லி முடிப்பதை யாத்திரிகர் தம் ஊருக்குக் கொண்டு போகிறார். வீட்டாரிடமும், மித்திரர்களிடமும், சமயம் வாய்த்தால் பொதுக்கூட்ட மேடையிலும் அதையே எடுத்துரைக்கிறார். ஆகையால் வழிகாட்டியின் நாவானது பொது வாழ்வில் ஒரு சக்தியாகும். அது முழு உண்மையைப் பேசுகிறதா, பாதியைப் பேசுகிறதா என்பது தேச ஊழியர்கள் அலட்சியம் செய்யத்தக்க அற்ப விஷயமன்று.

இதைப் பரிசோதிப்பதற்கு ஹம்பியும் பிஜாப்பூரும் மிகப் பொருத்தமான ஸ்தலங்கள். ஹம்பி, துங்கபத்திரையின் தென்கரையில் 1336-ஆம் வருஷம் ஸ்தாபிக்கப்பட்டதாகக் கருதப்படும் விஜயநகர ராஜ்யத்தின் தலைநகர். பிஜாப்பூர், 2014 முதல் விஜயபுரா என்ற பெயர் தரித்து நிற்கும் நகரம். அடில்ஷாஹி சுல்தான்களின் ராஜதானி. இரண்டுக்கும் இடையே இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரமே. கிருஷ்ணா நதியைக் கடந்து அரை நாளில் மோட்டாரில் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் 1565-ஆம் வருஷத்து ஜனவரி மாதத்தில், அந்நதியின் அருகே நடந்த தாலிக்கோட்டை யுத்தம், ஜனங்களின் மனத்தில் இவ்விரு ஊர்களையும் கடக்க முடியாத தூரத்தில் வைத்துவிட்டது. நாம் சமீபத்தில் ஒரே பிரயாணத்தில் இரண்டையும் கண்டு வந்தோம். ஒவ்வோர் ஊரிலும் ஒரு வழிகாட்டியைத் தனியாக அமர்த்திக்கொண்டோம். அவர்கள் சொன்னதையும், கற்கள் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இவ்வியாசத்தின் நோக்கம்.

ஹம்பியில் நமக்கு வாய்த்தவர் உத்ஸாகமுள்ள மனிதர்; கன்னடம், ஹிந்தி, ஆங்கிலம் மூன்றும் சரளமாகப் பேசினார்; தமிழிலும் சில வாக்கியங்கள் வைத்திருந்தார். விரூபாக்ஷர் ஆலயத்தின் ஒன்பது நிலைக் கோபுரத்தையும், 1528-இல் ஒரே பாறையில் செதுக்கப்பட்ட நரஸிம்ஹ மூர்த்தியையும், விட்டலர் கோயிலின் கல்ரதத்தையும் காட்டினார். 2017-இல் வெளியான 50 ரூபாய் நோட்டில் அந்த ரதம் இருப்பதைத் தம் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டவும் தவறவில்லை. அவர் சொன்ன சரித்திரத்தின் சாரம் இரண்டே வாக்கியங்கள்: ஹிந்து ராஜாக்கள் கட்டினார்கள், முஸ்லிம் சுல்தான்கள் இடித்தார்கள். அங்கஹீனமான சிற்பம் ஒவ்வொன்றின் முன்னும் நின்று அவ்விரண்டாவது வாக்கியத்தை அவர் திரும்பச் சொன்னார்.

அவர் பொய் சொன்னார் என்று நாம் சொல்லவில்லை. 1565-இல் பிஜாப்பூர், ஆமத்நகர், கோல்கொண்டா, பீதர் ஆகிய நான்கு சுல்தான்களின் கூட்டுச் சேனை ராமராயரை வென்றது. ராமராயரின் தலை களத்திலேயே வெட்டுண்டது. அதன் பின் அந்த மஹாநகரம் மாதக்கணக்கில் கொள்ளையிடப்பட்டது. அரண்மனைப் பகுதியில் தீயின் தடங்களை அகழ்வாராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். இதை மறைப்பதும் மழுப்புவதும் ஒற்றுமைக்குச் செய்யும் சேவையாகாது. மறைத்த உண்மை ஒருநாள் வெளிவரும்போது, மறைத்தவன் சொன்ன மற்ற உண்மைகளையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகும். ஆனால் நீதிஸ்தலங்களில் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். சாக்ஷி, தான் அறிந்ததில் பாதியை மாத்திரம் சொல்லி நிறுத்திக்கொண்டால், அவன் பொய் சொன்னவனல்லன். எனினும் பொய் செய்யும் காரியம் அனைத்தையும் அந்தப் பாதி செய்து முடித்துவிடும்.

ஹம்பியில் விடுபட்ட பாதி எது? அதற்காகப் புஸ்தகசாலைக்குப் போக வேண்டியதில்லை. அது அங்கேயே கல்லாலும் சுண்ணத்தாலும் நிற்கிறது. தாமரை மஹால் என்று வழங்கும் இரண்டடுக்கு மண்டபத்தைப் பாருங்கள். அதன் கீழ்ப்பாகம் இதழிதழாக மடிந்த வளைவுகளால் ஆனது. அது சுல்தான்களின் தேசத்துக் கட்டட முறை. மேற்பாகத்திலோ நம் கோயில் விமானங்களைப் போல அடுக்கடுக்காக உயரும் சிகரங்கள். அதற்குச் சற்றுத் தூரத்தில் யானைப் பந்தி. பதினொரு அறைகள் வரிசையாக நிற்க, அவற்றின் மேல் வெவ்வேறு வடிவமுள்ள கும்மட்டங்கள். ராணியின் ஸ்நான மண்டபம் எனப்படும் கட்டடத்தின் உள்ளே கூர்வளைவுகள். கும்மட்டமும் வளைவும் விஜயநகரத்து ராயர்களுக்குத் தீட்டாக இருந்திருக்குமானால், தங்கள் அரண்மனையின் நடுவிலேயே அவற்றை எழுப்ப அனுமதித்திருப்பார்களா?

இன்னும் நெருங்கிய சாக்ஷி ஒன்று உண்டு. திருமலையில் வேங்கடவன் சந்நிதிக்குச் செல்லும் தமிழர்கள், இரு தேவிமாருடன் கைகூப்பி நிற்கும் கிருஷ்ணதேவராயரின் வெண்கல உருவத்தைப் பார்த்திருப்பார்கள். அவர் சிரஸில் உள்ள உயர்ந்த கூம்புத் தொப்பிக்கு அக்காலத்தில் ‘குல்லாயி’ என்று பெயர். பாரஸீகச் சொல்லாகிய ‘குலாஹ்’ என்பதன் திரிபு அது. பெருமாளுக்கு முன் நிற்கும் பரம பக்தரான ராயர், பாரஸீகத் தலையணியோடு நிற்பதில் அவருக்கும் கூச்சமில்லை, பெருமாளுக்கும் ஆக்ஷேபமில்லை. விஜயநகரத்து மன்னர்கள் 14-ஆம் நூற்றாண்டுச் சாஸனங்களிலேயே தங்களை ‘ஹிந்துராய சுரத்ராண’ என்று அழைத்துக்கொண்டார்கள். ‘சுரத்ராண’ என்பது சுல்தான் என்ற சொல்லின் வடமொழி உருவமே. கிருஷ்ணதேவராயரோ ‘யவன ராஜ்ய ஸ்தாபனாசார்யர்’ என்ற விருதையும் தரித்தார். பாமினி சுல்தானை மறுபடியும் சிம்மாஸனத்தில் ஏற்றிவைத்த பெருமையைக் குறிப்பது அது.

விட்டலர் கோயிலைப் பார்த்து முடித்த பின் நாம் வழிகாட்டியிடம், “ஆமத் கான் தர்மசாலை எங்கே இருக்கிறது?” என்று கேட்டோம். அவர் ஒரு க்ஷணம் நம்மை ஏறிட்டுப் பார்த்தார். பின்பு மறுமொழி சொல்லாமல் வண்டியைக் கமலாபுரத்துப் பக்கம் திருப்பச் சொன்னார். சாலையோரத்தில், கோயில் மண்டபத்தைப் போலவே தூண்கள் வரிசையாக நிற்கும் ஓர் எளிய கட்டடம். கும்மட்டமும் இல்லை, மினாரும் இல்லை. உள்ளே மேற்குச் சுவரில் உள்ள மாடம்தான் அதை மசூதியென்று அறிவிக்கிறது. அங்கே ஒரு கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. 1439-ஆம் வருஷத்தில், இரண்டாம் தேவராயரின் சேவகனான ஆமத் கான் என்பவன், தன் அரசருக்குப் புண்ணியம் உண்டாகும்படி இந்த தர்மசாலையைக் கட்டினான் என்பது அதன் செய்தி. வாசகர்கள் இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஒரு முஸ்லிம் சேனைவீரன் தொழுகைக்கு இடம் கட்டுகிறான். அதற்கு தர்மசாலை என்று பெயரிடுகிறான். அதனால் வரும் புண்ணியத்தைத் தன் ஹிந்து அரசருக்கு அர்ப்பணம் செய்கிறான். தேவராயரோ தம் சிம்மாஸனத்தின் முன் குர் ஆனை வைத்து, முஸ்லிம் வீரர்கள் மனச்சாந்தியோடு வந்தனம் செய்ய இடங்கொடுத்தார் என்று, பிஜாப்பூர் தர்பாரைச் சேர்ந்த பெரிஷ்தா என்ற பாரஸீகச் சரித்திர ஆசிரியரே எழுதிவைத்திருக்கிறார்.

இவ்வளவும் தெரிந்த வழிகாட்டி ஏன் முதலிலேயே சொல்லவில்லை? நாம் அதையும் கேட்டோம். அவர் சொன்ன மறுமொழி நம்மை யோசிக்க வைத்தது. வருகிறவர்களில் நூற்றில் ஒருவர்கூட இந்த இடத்தைக் கேட்பதில்லை; தாமாக அழைத்து வந்தாலும் வண்டியை விட்டு இறங்குவதில்லை; இடித்த கதையைச் சொன்னால் கவனமாகக் கேட்கிறார்கள், இனாமும் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்றார். குற்றம் முழுவதையும் அவர் தலையில் சுமத்துவதற்கில்லை. கடைக்காரன் விலைபோகும் சரக்கைத்தான் கடையின் முன்னே வைப்பான். பாதிச் சரித்திரத்துக்கு விலை கொடுக்கிறவர்கள் நாம்.

பிஜாப்பூருக்குச் செல்வோம். அங்கே அமர்த்திய வழிகாட்டி நம்மை நேராக கோல்கும்மட்டத்துக்கு அழைத்துச் சென்றார். 1656-இல் காலஞ்சென்ற முஹம்மது அடில் ஷாவின் சமாதி அது. நடுவில் ஒரு தூணும் இல்லாமல், ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் எட்டு வளைவுகளின் பலத்தால், வெளிவிட்டம் சுமார் 44 மீட்டருள்ள கும்மட்டத்தைத் தாங்கி நிறுத்தியிருக்கிறார்கள். மேலே உள்ள நடையில் சுவரோரமாக ஒருவர் மெல்லப் பேசினால் எதிர்ப்புறத்தில் நிற்பவர் காதில் தெளிவாக விழுகிறது. இவற்றையெல்லாம் அவர் கணக்கோடும் கம்பீரத்தோடும் சொன்னார். 1549-இல் வார்க்கப்பட்ட ‘மாலிக்-ஏ-மைதான்’ என்ற பெரும் பீரங்கியையும் காட்டினார். 55 டன் எடையுள்ளதென்று சொல்லப்படும் அந்த பீரங்கியை 1854-இல் வெள்ளைக்காரச் சர்க்கார் ஏலம் போட்டதாம். கேள்வி 150 ரூபாய்க்கு மேல் ஏறவில்லையாம். நல்ல காலமாக அது ஊரிலேயே தங்கிவிட்டது. சுல்தான்களின் கீர்த்தியைப் பற்றி அவர் சொன்னதில் குறையொன்றுமில்லை.

ஆனால் அவரிடத்திலும் ஒரு பாதி விடுபட்டது. 1565-இன் வெற்றிக்குப் பின் வந்த ஐசுவரியம் இந்நகரத்தின் வளர்ச்சிக்கு எவ்வளவு உதவிற்று என்பதை அவர் சொல்லவில்லை. கோட்டைக்குள் இருக்கும் கரீமுத்தீன் மசூதிக்கு அழைத்துச் செல்லவுமில்லை. நாம் கேட்ட பிறகே அங்கே சென்றோம். 1320-ஆம் வருஷத்தில் கட்டப்பட்ட அந்த மசூதியின் தூண்கள் பழைய கோயில்களுக்கு உரியவை. பார்த்த மாத்திரத்திலேயே அது விளங்கும். அதே மசூதியின் கல்வெட்டு, கட்டியவர் ரேவய்யா என்ற சிற்பி என்று பெயர் சொல்லுகிறது. கோயிலின் தூண் பெயர்க்கப்பட்டதும் உண்மை. அதை மசூதியில் நிறுத்திய கை ஒரு ஹிந்துவின் கை என்பதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விடுபவன் கட்சிக்காரன். இரண்டையும் சேர்த்துச் சொல்பவனே சரித்திரக்காரன்.

இப்ராஹிம் ரௌஸாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1580 முதல் 1627 வரை ஆண்ட இரண்டாம் இப்ராஹிம் அடில் ஷா துயிலும் இடம் அது. ஒரே மேடையின்மேல் சமாதியும் மசூதியும் எதிரெதிராக நிற்கின்றன. மசூதியின் கொடுங்கையிலிருந்து கல்லால் செதுக்கிய சங்கிலிகள் தொங்குகின்றன. காஞ்சீபுரத்தில் வரதராஜர் ஆலயத்தின் கல்யாண மண்டபத்தைப் பார்த்த தமிழனுக்கு இந்த வேலைப்பாடு அந்நியமாகத் தோன்றாது. அந்த மண்டபம் விஜயநகர காலத்தது. ராஜாக்கள் போரிட்டார்கள், சிற்பிகளின் உளியோ எல்லைகளைப் பொருட்படுத்தவில்லை. மதுரையில் விஜயநகர வழிவந்த திருமலை நாயக்கர் கட்டிய மஹாலின் வளைவுகளும் கும்மட்டமும் இதையே மறுபுறத்திலிருந்து உறுதிப்படுத்துகின்றன.

இந்த இப்ராஹிம் சுல்தான் சங்கீத ரஸிகர். தக்கினி பாஷையில் அவர் இயற்றிய ‘கிதாபே நவ்ரஸ்’ என்ற கீர்த்தனைத் தொகுதியில், முஸ்லிம் மஹானாகிய கேசுதராஸையும், நம் ஸரஸ்வதியையும் கணபதியையும் துதித்துப் பாடியிருக்கிறார். பிரஜைகள் அவரை ‘ஜகத்குரு’ என்று அழைத்தார்கள். விஜயநகரத்தை வென்ற சுல்தானின் வாரிசாகச் சிம்மாஸனம் ஏறியவர் இவர் என்பதை மறக்கலாகாது. வென்றவர் வீட்டிலேயே ஒரு தலைமுறைக்குள் ஸரஸ்வதி குடியேறினாள்.

அப்படியானால் 1565-இன் யுத்தம் எதற்காக நடந்தது? இரண்டு மதங்கள் மோதின என்று ஒரே வரியில் சொல்லி முடிக்கிறவர்கள், அதற்கு முந்திய இருபது வருஷங்களை மறந்துவிடுகிறார்கள். கோல்கொண்டாவின் இப்ராஹிம் குதுப்ஷா, பட்டத்துக்கு வருமுன், தம் தமையனுக்கு அஞ்சி சுமார் ஏழு வருஷம் அடைக்கலம் புகுந்திருந்தது விஜயநகரத்தில். பிஜாப்பூரின் அலி அடில் ஷா விஜயநகரத்துக்கு விருந்தாளியாக வந்தார். ராமராயர் அவரைப் புத்திரனாகப் பாவித்தார். 1558-இல் அவ்விருவர் சேனைகளும் சேர்ந்தே ஆமத்நகரின்மேல் படையெடுத்தன. அந்தப் படையெடுப்பில் விஜயநகரத்து வீரர்கள் மசூதிகளை அவமதித்தார்கள் என்று பெரிஷ்தா குறைகூறுகிறார். சுல்தான்களில் ஒருவரை ஒருவர்மேல் ஏவித் தம் ஆதிக்கத்தைப் பெருக்கிக்கொண்டுவந்த ராமராயருக்கு எதிராக, தங்களுக்குள் பகைமை கொண்டிருந்த சுல்தான்கள் ஒன்றுசேர்ந்தார்கள். இரு தரப்புச் சேனைகளிலும் இரு மதத்தாரும் இருந்தார்கள். ராஜ்யாசை, பழிவாங்கும் எண்ணம், கொள்ளையாசை, இவற்றின்மேல் போர்த்திய மதப்போர்வை, எல்லாம் கலந்ததே அந்த யுத்தம். இதைச் சொல்வதால் அழிந்த நகரம் அழியாததாகிவிடாது. ஆனால் அழிவுக்குக் காரணம் என்னவென்பதைத் தவறாக அறிந்தவன், அடுத்த அழிவைத் தடுக்க முடியாது.

இனி, கட்டுக்கதைகளைப் பற்றி ஒரு வார்த்தை. விட்டலர் கோயிலின் இசைத்தூண்களில் இரண்டை, உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க வெள்ளைக்காரர்கள் அறுத்தார்கள் என்றார் நம் வழிகாட்டி. ஆதாரம் கேட்டபோது, தமக்கு முன்னிருந்த வழிகாட்டிகள் சொன்னது என்றார். தாமரை மஹால் அந்தப்புரம் என்பதற்கும், ஸ்நான மண்டபம் ராணிக்குரியது என்பதற்கும் கல்வெட்டு எதுவுமில்லை. அவை பிற்காலத்தார் இட்ட பெயர்கள். ஹம்பியைப் பற்றி எழுத்துச் சான்றுக்குப் பஞ்சமேயில்லை. 1443-இல் வந்த பாரஸீகத் தூதர் அப்துல் ரஸாக்கும், சுமார் 1520-இல் வந்த போர்த்துகீசியரான பயஸும் கண்ணால் கண்டதை எழுதிவைத்திருக்கிறார்கள். கண்டவர்கள் சாக்ஷியம் கைவசமிருக்க, கேட்டவர்கள் கதையை நம்புவானேன்?

இதற்குப் பரிகாரம் என்ன? முதலாவது, யாத்திரிகர்களின் கடமை. வழிகாட்டியை அமர்த்தும்போதே கூலியைத் தீர்மானமாகப் பேசி நியாயமாகக் கொடுத்துவிட வேண்டும். கடைகளுக்கு அழைத்துச் செல்லாதிருக்கும்படியும் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். இனாமையும் கடைத் தரகையும் நம்பிப் பிழைப்பவர் நம் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். பிறகு ஒவ்வொரு கட்டடத்தின் முன்னும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: கட்டியவர் யார்? எந்த வருஷம்? இது எதனால் தெரிய வந்தது? மூன்றாவது கேள்விக்குப் பழகிய வழிகாட்டி, நாளடைவில் தாமே ஆதாரத்தைத் தேடத் தொடங்குவார். ஹம்பிக்குச் செல்கிறவர்கள் கூடுமானால் பிஜாப்பூரையும் அதே பிரயாணத்தில் பார்க்க வேண்டும். ஒரு தரப்பைக் கேட்டுத் தீர்ப்பெழுதுவது எந்த நீதிஸ்தலத்திலும் வழக்கமில்லை.

இரண்டாவது, சர்க்காரின் கடமை. கல்லைக் காப்பதற்கு 1904-இல் ஒரு சட்டமும், சுதந்திரத்துக்குப் பின் 1958-இல் ஒரு சட்டமும் ஏற்பட்டன. ஹம்பி 1986-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் ஜாபிதாவில் சேர்க்கப்பட்டது. இவை நல்ல காரியங்களே. ஆனால் ஆமத் கான் கல்வெட்டும் ரேவய்யாவின் கல்வெட்டும் சொல்லும் செய்தி, பாமர யாத்திரிகன் தன் பாஷையில் வாசிக்கும்படி பலகைகளில் எழுதி வைக்கப்பட வேண்டும். வழிகாட்டிகளுக்கு அநுமதிச் சீட்டு கொடுக்குமுன் அளிக்கும் பயிற்சியில் கல்வெட்டுகளின் பொருளும் முக்கிய பாடமாக இருக்க வேண்டும். எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக்கூடாது என்று வழிகாட்டியின் வாய்க்குச் சட்டம் போடும்படி நாம் கேட்கவில்லை. அது கல்லை இடிப்பதைவிடப் பெரிய தீங்காக முடியும். சொல்லுக்குக் காவல், கேட்பவரின் விவேகமே.

மூன்றாவது, பொது ஊழியர்களின் கடமை. மேடையில் ஏறி ஹம்பியின் உடைந்த சிலையைக் காட்டிக் கோபம் மூட்டுகிறவர், ஆமத் கானின் தர்மசாலையைக் கண்டதுண்டா என்று கேளுங்கள். ஸரஸ்வதியைப் பாடிய சுல்தானை மாத்திரம் காட்டி எல்லாம் சுபம் என்று முடிக்கிறவர், அரண்மனைப் பகுதியின் எரிந்த சுவடுகளைக் கண்டதுண்டா என்று அவரையும் கேளுங்கள். முந்தியவர் பகையை வளர்க்கிறார். பிந்தியவர் நம்பிக்கையைக் குலைக்கிறார். பலமான தேசம், தன் சரித்திரத்தில் பெருமைப்படத் தக்கதையும் துக்கப்படத் தக்கதையும் ஒருங்கே கண்திறந்து பார்க்கும் தைரியமுடையதாக இருக்க வேண்டும்.

அந்த தைரியத்தைப் பயிலுவதற்கு ஹம்பியையும் பிஜாப்பூரையும் போன்ற பாடசாலைகள் வேறு எங்கும் இல்லை. நம் இளைஞர்கள் கூட்டங்கூட்டமாக அங்கே செல்லட்டும். நல்ல வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளட்டும். அவர் காட்டுவதைப் பார்த்துவிட்டு, அவர் காட்டாததையும் கேட்டு வாங்கட்டும். நானூறு, ஐந்நூறு வருஷங்களாகத் தம் வாக்குமூலத்தை மாற்றாமல் நிற்கும் சாக்ஷிகள் அவை. விசாரிக்க வேண்டியவர்கள் நாமே.